சம்பில் விட்ட மாலை

கெரெ லேஅவுட் என்று பெயர் வைத்தவனைக் குறை சொல்ல முடியாது. கன்னடத்தில் கெரெ என்றால் ஏரி. ஏரியில் மண்ணைக் கொட்டி மூடி மனை போட்டவன், பெயரிலாவது உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். வாங்கினவர்கள் காதில்தான் அது விழவில்லை. பெங்களூர் பொம்மசந்திராவில் வேலை, ஓசூர் ரோட்டுக்கு நடந்து போகிற தூரம், சொந்தமாக ஒரு சுவர் என்று சந்தோஷமாகக் குடிவந்தார்கள். முதல் பெரிய மழையிலேயே தெரிந்துவிட்டது, யார் இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று. ஆனால் அதற்குள் எல்லோரும் கிரகப்பிரவேசம் முடித்திருந்தார்கள்.

லேஅவுட்டின் ஓரமாக ராஜகாலுவே போகிறது. மழைத் தண்ணீரைக் கொண்டுபோகிற பெரிய கால்வாய். அதற்கு இரண்டு பக்கமும் சிமென்ட் சுவர் எழுப்பி, அடியையும் உயர்த்திவிட்டதில் கால்வாய் மேலே போய்விட்டது, தெரு கீழே தங்கிவிட்டது. தெருவில் விழுகிற மழை கால்வாய்க்கு ஏறிப் போக வேண்டும். அது எப்படி ஏறும்? அதனால் கடைசித் தெருவின் முனையில், இருப்பதிலேயே பள்ளமான இடத்தில், ஆழமாக ஒரு சம்ப் தோண்டி, மோரி என்கிற தெருச் சாக்கடைத் தண்ணீரெல்லாம் அதில் வந்து விழும்படி செய்திருந்தார்கள். சம்புக்குப் பக்கத்தில் உயரமான திட்டின்மேல் ஒரு சின்ன அறை. அறைக்குள் மோட்டார். மோட்டார் தண்ணீரை உறிஞ்சி ராஜகாலுவேக்குத் தூக்கி எறியும். அந்த அறையின் சாவி சின்னத்தாயின் இடுப்பில் இருந்தது.

சின்னத்தாய்க்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மருந்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. புருஷன் இல்லை, ஒரே மகன் கல்யாணமாகி ஓசூரோடு போய்விட்டான். பிறந்தது கோலார் தங்கவயலில். அவளுடைய அப்பா சுரங்கத்துக்குள் தண்ணீர் இறைக்கிற பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவர். அதனால் மோட்டார் என்று ஒன்று வந்தபோது, அது தனக்குச் சேரவேண்டிய சொத்து என்றே அவள் நினைத்துக்கொண்டாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மோட்டார் வந்ததே அவள் வாயால்தான். தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் நகராட்சி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக அவள் போட்ட சத்தத்தில், இந்த அம்மாளை எழுப்பி அனுப்பினால் போதும் என்று கொடுத்ததுதான் அது.

அந்த வாய் மோட்டார் வந்த பிறகும் ஓயவில்லை. மோரியில் ஒரு பிளாஸ்டிக் கவர் கிடந்தால் போதும். போட்டவன் யார், அவன் அப்பன் யார், வீட்டில் சோற்றைத் தட்டில் போட்டுத் தின்கிறார்களா தரையில் கொட்டித் தின்கிறார்களா என்று தெரு முழுக்கக் கேட்கும்படி விசாரணை நடக்கும். சிப்ஸ் பாக்கெட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கெரெ லேஅவுட் பழகியதற்கு அவள்தான் காரணம்.

இத்தனை பாடும் அவள் பட்டது கேரலுக்காக.

கேரலும் அவளும் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரே லைனில் வளர்ந்தவர்கள். கேரல் இரண்டு வயது மூத்தவள். அவள் போட்டுச் சிறிசான பள்ளிக்கூட யூனிஃபார்மைத்தான் சின்னத்தாய் போட்டு வளர்ந்தாள். அவள் மனை வாங்கினாள் என்றுதான் இவளும் வாங்கினாள். கேரலுக்குக் கிடைத்தது கடைசி வீடு, சம்புக்கு எதிர் வீடு, தெருவிலேயே தாழ்ந்த வீடு. கேரலின் வீட்டுக்காரர் மதலைமுத்து சுரங்கத்தில் அடிமட்டத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது வெளியே வந்தார். நெஞ்சுக்குள் போன தூசி மட்டும் வெளியே வரவில்லை. கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நின்றாலும் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

மோட்டார் வருவதற்கு முந்தின மழையில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கட்டிலைத் தொட்டது. கேரலின் தம்பி கிறிஸ்டோபர் வந்து இருவரையும் காக்ஸ் டவுனில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். பின்பக்கத்து அறை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தான். சின்னத்தாய்க்கு அந்த மாதங்கள் வாயில் சோறு இறங்காத மாதங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் கேரலின் பூட்டின கதவு. யாரிடம் போய் சூப்பர்வைசரைத் திட்டுவது? மோட்டார் ஓட ஆரம்பித்த வாரமே பஸ் மாறிப் பஸ் ஏறிக் காக்ஸ் டவுனுக்குப் போய் நின்றாள்.

“கெளம்புக்கா. மோட்டர் வந்துடுச்சு. சாவி என் இடுப்புல கீது. ஒரு சொட்டு உன் வாசப்படி ஏறிச்சுன்னா என்னை இன்னான்னு கேளு.”

“மழை உன் பேச்சைக் கேக்குமாடி தாயி?” என்றாள் கேரல்.

“மழை கேக்காது. மோட்டர் கேக்கும்.”

மதலைமுத்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகு, “எங்க மைன்ஸ் கேப்டன்கூட இவ்ளோ தைரியமா பேசினதில்ல, தங்கச்சி” என்றார்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். வந்ததும் கேரல் ஒரு வேலை செய்தாள். கட்டில், பிரிட்ஜ், பீரோ எல்லாவற்றின் கால்களுக்கும் அடியில் மூன்று வரிசை செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்தாள். சின்னத்தாய் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா?

“இன்னா இது? என்மேல நம்பிக்கை இல்லன்னு போர்டு எழுதி மாட்டின மாதிரி கீது.”

“அப்படி இல்லடி. ஒரு முன்ஜாக்கிரதைக்கு.”

“அண்ணன் பாரு, கட்டில்ல ஏற ஸ்டூல் கேக்கறாரு. ராத்திரி பாத்ரூம் போக எறங்கறப்ப விழுந்தாருன்னா?”

அது உண்மைதான். உயர்ந்த கட்டில் அவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாய் தானே வந்து, கேரலை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு காலாகத் தூக்கிச் செங்கல்லை உருவி எடுத்தாள். கேரல் தடுக்கவில்லை. “சரி, உன் இஷ்டம்” என்று சிரித்தாள். அந்தச் செங்கற்களையே கொண்டுபோய் மோட்டார் அறைக்கு முன்னால் அடுக்கி, சிமென்ட் பூசாமல், ஏறி இறங்க ஒரு படி செய்துகொண்டாள் சின்னத்தாய். அந்தப் படியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பெருமைக்குக் குறைவில்லாமல்தான் ஒரு மழைக்காலம் போயிற்று. ஊரெல்லாம் படகு விட்டார்கள் என்று டி.வி.யில் காட்டிய நாளிலும் கேரலின் வாசற்படி காய்ந்தே இருந்தது. தெருவில் எல்லோரும் ‘மோட்டர் அக்கா’ என்றார்கள். தெரு முனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற பாக்கியராஜ், லேஅவுட் சங்கத்துக்கும் தலைவன், ஒரு கூட்டத்தில் அவளுக்குச் சால்வை போட்டான். அதை அவள் மடித்துப் பீரோவில் வைத்திருந்தாள்.

பிறகு இந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது.

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் சக்கரம் வைத்தது எதுவும் சும்மா இருக்காது. பஸ்ஸுக்கு வாழைக்கன்று, ஆட்டோவுக்கு மாவிலை, ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம். தெருவுக்குத் தெரு பூசணிக்காயைக் குங்குமம் தடவி உடைத்துவிட்டுப் போவார்கள். அதில் வழுக்கி விழுகிறவர்கள் பாடு அவர்கள் பாடு. சின்னத்தாய் கம்பெனிப் பூஜையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு மத்தியானமே வந்துவிட்டாள். மோட்டாரைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, அறைக் கதவின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினாள்.

அப்போது கேரல் கையில் ஒரு பெரிய செண்டுப்பூ மாலையோடு வந்தாள். குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள்.

“நீ எதுக்குக்கா?” என்றாள் சின்னத்தாய்.

“எங்க வீட்டைக் காப்பாத்துறது இதுதானே. சர்ச்சு ஃபாதர் கேட்டா நீ போட்டேன்னு சொல்லிடு.”

இருவரும் சிரித்துக்கொண்டே மாலையை மோட்டாருக்குப் போட்டார்கள். மார்க்கெட்டில் இப்போதெல்லாம் வாழைநாரில் யார் கட்டுகிறார்கள்? நைலான் நூலில் கோத்து இறுக்கிக் கட்டிய மாலை. தொங்கியபோது நன்றாகத்தான் இருந்தது. மதலைமுத்து எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக் கைதட்டினார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் சின்னத்தாய் மோட்டார் அறையைச் சுத்தம் செய்ய வந்தாள். தெரு முனையில் பூசணியும் வாழையும் பூவுமாகக் குப்பை மலை மாதிரி குவிந்து, அதன்மேல் நாய்கள் ஏறி நின்றுகொண்டிருந்தன. குப்பை வண்டிக்கும் பண்டிகை. பூஜை செய்த பூவைக் கொண்டுபோய் அங்கே கொட்டுவதா? சாமிக்குப் போட்ட பூ காலில் மிதிபடக் கூடாது, தண்ணீரில்தான் விடவேண்டும் என்பது அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த விஷயம். ஓடுகிற தண்ணீராக இருந்தால் ரொம்ப நல்லது. கெரெ லேஅவுட்டில் ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? ராஜகாலுவேயில் ஓடுவதைத் தண்ணீர் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. சம்பின் மூடியை நகர்த்திப் பார்த்தாள். முந்தின வாரம் பெய்த மழை அடியில் தெளிந்து நின்றது.

மாலையை இரண்டு கையாலும் எடுத்து மெல்ல உள்ளே விட்டாள். உதிரிப்பூவை விட்டாள். வாழைக்கன்றுகளைப் பட்டை பட்டையாக உரித்து அதையும் விட்டாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். தெருவில் ஒரு சிப்ஸ் பாக்கெட் கிடந்தால் பொறுக்காதவளுக்கு அந்த நிமிஷம் ஒரு எண்ணமும் குறுக்கே வரவில்லை. குப்பை என்றால் அவளுக்கு உடனே தெரிந்திருக்கும். இது பூ அல்லவா?

கண்ணைத் திறந்தபோது எதிர்வீட்டு ஜன்னலில் கேரல் நின்றிருந்தாள். சின்னத்தாய் கையை ஆட்டினாள். கேரலும் ஆட்டினாள்.

மழை பிற்பகலில் பிடித்தது. சும்மா இல்லை, வானம் ஓட்டை விழுந்தமாதிரி கொட்டியது. சின்னத்தாய் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டாள். ராஜகாலுவே பக்கம் குழாய் வாய் நிறையத் தண்ணீரைக் கக்கியது. அவள் செங்கல் படியில் நின்றுகொண்டு அதைப் பார்த்தாள். கேரல் ஜன்னலிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. கனமாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் லேசாக, வெறும் வயிற்றோடு கத்துகிறமாதிரி கத்தியது. குழாய் இரண்டு முறை விக்கியது. பிறகு ஒன்றும் வரவில்லை.

காற்றுப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தாள். நிறுத்தி, மூடியைத் திருகி, குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றி, மறுபடி போட்டாள். ஒரு விக்கல், அவ்வளவுதான். பாக்கியராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். “ஏர் புடிச்சிருக்கும் அக்கா, இன்னொரு தபா ஊத்து” என்றான். இன்னொரு தடவை ஊற்றினாள். அதற்குள் மோரி நிறைந்து, சம்ப் நிறைந்து, தண்ணீர் தெருவில் ஏறிப் பரவிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒற்றைச் செண்டுப்பூ ஒன்று மிதந்து அவள் காலருகே வந்தது.

அப்போதுதான் காலையில் சம்பில் விட்ட மாலை அவளுக்கு ஞாபகம் வந்தது.

“குழாயைத் தூக்குடா!” என்று கத்தினாள். பாக்கியராஜும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து உறிஞ்சுகுழாயைச் சம்பிலிருந்து இழுத்துத் தூக்கினார்கள். குழாயின் அடிமுனையில், குப்பை போகாமல் தடுக்க ஒரு ஓட்டைக் கூடை இருக்கும். ஃபுட் வால்வ் என்பார்கள். அந்தக் கூடையே தெரியவில்லை. மாலை அதைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தது. இடுக்கெல்லாம் வாழைப்பட்டை ஒட்டிக்கொண்டு பிளாஸ்திரி போட்டதுபோல் மூடியிருந்தது. சின்னத்தாய் கையால் பிய்த்தாள். பூ வந்தது, நூல் வரவில்லை. யாரோ அரிவாள்மனை கொண்டுவந்தார்கள். அறுத்து, பிய்த்து, குழாயை மறுபடி இறக்கி முடித்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதே சமயம் கரண்ட் போயிற்று. தண்ணீர் ஏறினால் கரண்டை நிறுத்திவிடுவார்கள், அது வழக்கம். சுத்தமான மோட்டார் சும்மா நின்றது.

அவள் கேரலின் வீட்டுக்கு ஓடினாள். ஓடினாள் என்பது பேச்சுக்குத்தான். தண்ணீரில் யார் ஓட முடியும்? உள்ளே கட்டில் தண்ணீருக்கு அடியில் இருந்தது. மதலைமுத்து அதன்மேல் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். விழாமல் இருக்க கேரல் அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். அவர் மூச்சு விடுகிற சத்தம் மழைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

“மோட்டர் இன்னாச்சு தாயி?” என்றாள் கேரல்.

“கரண்ட் போயிடுச்சுக்கா.”

அது பொய்யில்லை. உண்மையுமில்லை. அதைச் சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று சின்னத்தாய்க்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் மதலைமுத்துவை உட்காரவைத்து நாலு பேர் தோள்மேல் தூக்கிப் பாக்கியராஜின் மாடிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீருக்கு மேலே, மழையில் நனைந்துகொண்டு, நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி அவர் போனார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. மோட்டார் அழகாக ஓடியது. வெயில் வேறு அடித்தது. எல்லார் வீட்டு மெத்தையும் தெருவில் காய்ந்துகொண்டிருக்க, ஜனங்கள் மோட்டார் அறை முன்னால் கூடிவிட்டார்கள். பாக்கியராஜ் அறுபட்ட மாலையை ஒரு குச்சியால் தூக்கிக் காட்டினான்.

“பாருங்க. நைலான் நூல். இதுதான் சுத்திக்கிட்டு அடைச்சுது. கேரல் அக்கா போட்ட மாலை, மோட்டர்லேர்ந்து நழுவி சம்புல விழுந்திருக்குது.”

“சர்ச்சுக்குப் போறவங்களுக்கு மோட்டர் பூஜை எதுக்கு?” என்றது ஒரு குரல்.

“நல்ல மனசோடதான் போட்டாங்க. ஆனா நாலு குடும்பத்து பிரிட்ஜ் போச்சே.”

கேரல் ஈரப் புடவைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வாசலில் நின்றிருந்தாள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. சின்னத்தாயைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நம் ஆள் வருகிற பஸ் எது என்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

ஆபீஸ் வாசலை அதிரவைத்த வாய். சிப்ஸ் பாக்கெட்டுக்காகப் பரம்பரையை இழுத்த வாய். அந்த வாய் அப்போது திறக்கவில்லை. ‘நழுவி விழவில்லை, நான்தான் விட்டேன்’ என்று நாலு வார்த்தை. அதைச் சொன்னால் சாவியைக் கேட்பார்களே, சால்வை போட்டவனே சிரிப்பானே, நாளைக்குக் கேரலிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று என்னென்னவோ கணக்குகள். அவள் குனிந்து ஃபுட் வால்வை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவினதைத்தான் கழுவினாள்.

“ஆமா, என் மாலைதான்” என்றாள் கேரல், எல்லோருக்கும் கேட்கும்படி. “மன்னிச்சுக்குங்க.” உள்ளே போய்விட்டாள்.

இரண்டொரு நாளில் கிறிஸ்டோபர் டெம்போ கொண்டுவந்தான். சின்னத்தாய் லீவு போட்டுவிட்டுச் சாமான் ஏற்ற வந்தாள். கேரல் வேண்டாம் என்று சொல்லவில்லை, பேசவும் இல்லை. மதலைமுத்து மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்தபடி, “உடம்பைப் பாத்துக்கோ தங்கச்சி” என்றார். கேரல் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பாக்கியராஜிடம் கொடுத்து, வாடகைக்கு ஆள் பார்க்கச் சொன்னாள். அத்தனை வருஷமும் அவள் ஊருக்குப் போனால் சாவி சின்னத்தாயிடம்தான் இருக்கும். அந்தச் சாவி தன் முன்னாலேயே கைமாறியதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் கம்பெனியில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தவள் திறந்தபடியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அப்பா ஞாபகம். ஆயுத பூஜை அன்று அவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது டிபன் பாக்ஸில் பூ இருக்கும். பம்புக்குப் பூஜை செய்த பூ. அம்மா அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வாள். அவளுக்கும் கேரலுக்கும் ஆளுக்கொன்று கிடைக்கும். நமக்காக அப்பா ஞாபகமாக எடுத்துவருகிறார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அப்பா பூவை எடுத்துவந்தது அதற்கு மட்டுமில்லை என்று இப்போது தெரிந்தது. பம்ப் கிட்டே ஒரு இதழ்கூட விட்டுவிட்டு வரக் கூடாது. அங்கே கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஆட்களில் ஒருவர் மதலைமுத்து.

டிபன் பாக்ஸை அப்படியே மூடினாள். ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுனுக்குப் போனாள்.

பழைய காலத்து ஓட்டு வீடு. பின்பக்கத்து அறையில் மதலைமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். போன தடவை அது இல்லை. கேரல் வராந்தாவில் ஸ்டூல் போட்டு, டீ கொண்டுவந்து கொடுத்தாள். சின்னத்தாய் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“அக்கா,” என்றாள் சின்னத்தாய். “அந்த மாலை தானா விழல. நான்தான் சம்புல விட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன். நீ கும்புட்டப்ப நானும் மனசுக்குள்ள ஒரு ஜெபம் சொல்லிக்கிட்டேன். அது போயி அடைக்கும்னு எனக்கு மட்டும் தோணிச்சா?”

“அப்ப ஏன்க்கா அன்னிக்கு அவங்ககிட்ட சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்.”

கேரல் குரலை உயர்த்தவே இல்லை. மெதுவாக, புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“தண்ணிக்குப் பயந்து வரல தாயி. தண்ணி எங்களுக்குப் புதுசா? ‘நான்தான் விட்டேன், அவளைச் சொல்லாதீங்க’ன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா, அந்த ஈரத்துலயே கட்டிலைப் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன். இவரும் அதான் சொன்னாரு.”

“இப்ப சொல்லிட்டேன் இல்லக்கா?”

“சொல்லிட்டே,” என்றாள் கேரல். “டீ ஆறுது. குடி.”

சின்னத்தாய் டீயைக் குடித்தாள். வாசல் கேட் வரை கேரல் வந்தாள். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்றுகூடக் கேட்டாள். எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே சின்னத்தாய் பாக்கியராஜின் கடை வாசலில் நின்று, இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மாலை நழுவவில்லை, நான்தான் விட்டேன், கேரல் மேல் தப்பில்லை என்று சத்தமாகவே சொன்னாள். அவள் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை, சாவியைக் கேட்கவில்லை. பாக்கியராஜ் ஆணியை எடை போட்டுக்கொண்டே, “வுடுக்கா. ஆனது ஆச்சு. வேணும்னா பண்ணே?” என்றான். இவ்வளவுதானா? இதற்குப் பயந்தா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டோம்? வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கேரலின் வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. புருஷன் ஷ்ரேயாஸ், மைசூர்ப் பக்கத்துப் பையன், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பெண்டாட்டி ஜெனிஃபர், அவளும் தங்கவயல் பெண்தான். கைக்குழந்தை ஒன்று. வந்த அன்றே குழந்தைக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டார்கள், தரையோடு தரையாக.

சின்னத்தாய் அதை வாசலிலிருந்து பார்த்தாள். திரும்பிப் போய் மோட்டார் அறை முன்னாலிருந்த படியைக் கலைத்தாள். சிமென்ட் பூசாத செங்கல், சுலபமாக வந்தது. சட்டியில் அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினாள்.

“இன்னாம்மா இது?” என்றாள் ஜெனிஃபர்.

“கட்டிலுக்கு அடியில வெக்கறதுக்கு.”

“மோட்டர் இருக்குதாமே? நீங்க பாத்துக்கறீங்க, பயமே இல்லன்னு பாக்கியராஜ் அண்ணா சொன்னாரு.”

“அந்தப் பக்கம் புடிம்மா” என்றாள் சின்னத்தாய்.

ஜெனிஃபர் குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். சின்னத்தாய் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலுக்கும் மூன்று வரிசை, கேரல் வைத்திருந்த மாதிரியே அடுக்கினாள்.